தாமே கூடும் இழைகள்

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் ஒருவன், இரசாயன நூலார்க்கும் மருத்துவ நூலார்க்கும் உரிய பொருளொன்றை எடுத்துக்கொண்டு எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். விடுதியில் என்னோடு ஓர் அறையில் உறையும் இரசாயன மாணவரே முதலில் நகைத்தார். ஆயினும் யான் இதனை எழுதத் துணிந்தமைக்குக் காரணம் உண்டு. அதனைக் கூறிய பின்னரே பொருளினுட் புகுவேன்.

என் தாய்மாமன் பனையேறுந் தொழிலினர். 2017-ஆம் ஆண்டில் ஒரு நாட் காலையில் பனையினின்றும் வீழ்ந்து முதுகெலும்பு முறிந்தார். அன்றுதொட்டு இடுப்பின்கீழ் உணர்ச்சியும் அசைவும் அற்றவராய்க் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலுமாகக் காலங் கழித்து வருகின்றார். சென்ற கோடை விடுமுறையில் யான் அவரைக் காணச் சென்றபோது, தம் வேதபுத்தகத்தினுள் மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்து என் கையிற் கொடுத்தார். சில ஆண்டுகட்கு முன் வெளிவந்த செய்தியாதலின் தாள் பழுத்திருந்தது. ஒரே ஊசியினால் முடங்கிய கால்கள் நடக்கும் என்பது அதன் தலைப்பின் கருத்து. “மருமகனே, நீ பட்டணத்தில் படிக்கிறாய். இந்த ஊசி நம் பக்கம் எப்பொழுது வரும் என்று விசாரித்துச் சொல்” என்றார். விசாரிப்பதாகச் சொல்லி வந்தேன். கல்லூரி திறந்தபின் நூல்நிலையத்திற் பல மாலைகள் கழிந்தன; அறைநண்பரும் நகைப்பை விடுத்து, விளங்காத இடங்களை விளக்கி உதவினார்.

அவ்விசாரணையினால் யான் கொண்ட கருத்தை முன்னரே சொல்லிவிடுகின்றேன். இப்புதிய பொருள்களை, அவை எலியினிடத்துச் செய்த பெருஞ்செயலைக்கொண்டு அளத்தல் தவறு. மனிதரிடத்து இதுகாறும் செய்துள்ள சிறு செயல்களைக்கொண்டே அளத்தல் வேண்டும். அச்சிறு செயல்களோ நாம் மிக மதிக்கத்தக்கன. இவைபற்றித் தமிழில் எழுதுவோர், சோதனை எவ்வுயிர்மேல் நிகழ்ந்தது என்பதனைக் கடைசிப் பத்தியில் ஒளித்துவையாது முதல் வாக்கியத்திலேயே எழுதுதல் கடமை.

இனி அப்பொருள் யாது? நம் உடம்பிலுள்ள புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆயவை. எழுத்துக்கள் தொடர்ந்து சொல்லாதல் போல, இவ்வமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுப் புரதமாகின்றன. நெடுந்தொடரைப் புரதம் என்றும், குறுந்தொடரைப் பெப்டைடு என்றும் வழங்குவர். இப்பெப்டைடுகளுட் சில, நீரில் இட்டமாத்திரத்தே, ஒருவர் இடைநின்று ஒட்டவும் பிணிக்கவும் வேண்டாது, தாமே ஒன்றோடொன்று அணிவகுத்து இழையாகவும் ஏடாகவும் குழலாகவும் கூடிக்கொள்கின்றன. தமிழ் மாணவன் கண்ணுக்கு இது புணர்ச்சியிலக்கணம் போன்றே தோன்றும். நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் தம்முள் இயைவனவாயின் அவை இயல்பாகவே புணரும். இயையாவிடத்து எத்துணை முயன்றாலும் நாவிற் பொருந்தா. கூடும் தன்மை எழுத்திலேயே அமைந்து கிடக்கின்றது. இதனைத் ‘தற்சேர்க்கை’ என மொழிபெயர்த்திருக்கின்றனர் சிலர். அது தன்னைத் தானே சேர்த்துக்கொள்ளும் ஒருவனைக் குறிப்பது போல ஒலிப்பதால், ‘தாமே கூடுதல்’ என்ற எளிய தொடரே எனக்கு உவப்பாகின்றது.

இத்தகைய பெப்டைடு ஒன்று வெளிப்பட்ட வரலாறு சுவையுடையது. அமெரிக்காவிலுள்ள மாஸசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அலெக்ஸாண்டர் ரிச் என்பாரின் ஆராய்ச்சிச் சாலையில், ஷூகுவாங் ஜாங் என்னும் சீன நாட்டறிஞர் ஈஸ்ட்டிலுள்ள புரதம் ஒன்றினை ஆராய்ந்து வந்தார். இடப்புறம் முறுக்குண்ட மரபுப்பொருளைப் பற்றும் இயல்பினதாதலின், ‘இடம்’ என்று பொருள்படும் சீனச் சொல்லைக்கொண்டே அதற்குச் சுவோட்டின் என்று பெயரிட்டனர். அப்புரதத்தின் ஒரு பகுதியில் 16 அமினோ அமிலங்கள் விந்தையான ஒழுங்கில் மீண்டும் மீண்டும் வருவதை அவர் கண்டார். அப்பகுதியைத் தனியே செய்து, உப்பு நீரோடு சேர்த்தபோது, கண்ணுக்குப் புலனாகும் மெல்லிய ஏடொன்று தானே உருவாயிற்று. 1993-இல் இதனை அவர்கள் வெளியிட்டனர். தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

இதன்பின் அவர்கள் வகுத்த பெப்டைடுகளுள் மிகப் பயன்பட்டது ராடா-16 எனப்படுவது. ஆர்ஜினின், அலனின், அஸ்பார்டிக் அமிலம், அலனின் என்னும் வரிசை நான்கு முறை அடுக்கி வருவதே அது. இவற்றுள் ஆர்ஜினின் நேர்மின் உடையது. அஸ்பார்டிக் அமிலம் எதிர்மின் உடையது. அலனின் நீரை வெறுப்பது. ஆதலின் தொடர் நீண்டு கிடக்கும்போது அதன் ஒரு பக்கம் முழுதும் நீரை விரும்புவதாகவும், மறுபக்கம் முழுதும் நீரை வெறுப்பதாகவும் அமைகின்றது. வெறுக்கும் பக்கங்கள் இரண்டு நீருக்கு அஞ்சி முகத்தோடு முகம் சேர்ந்து மறைகின்றன; விரும்பும் பக்கத்தில் நேர்மின்னும் எதிர்மின்னும் ஒன்றையொன்று நாடி அடுத்தடுத்து நிற்கின்றன. இவ்வாறு எண்ணிறந்த தொடர்கள் அடுக்குண்டு, ஏறத்தாழ 10 நானோமீட்டர் பருமனுள்ள இழைகளாக நீள்கின்றன. ஒரு மில்லிமீட்டரை நூறாயிரம் கூறிட்டால் வரும் ஒரு கூறே அப்பருமன். இழைகள் பின்னி வலையாகி, நீரைத் தம்முள் அடக்கிக்கொண்டு களியாக நிற்கும். நுங்கினை அறிந்தவர்க்கு அதன் தோற்றத்தை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

குப்பியில் இருக்கும்வரை இது புளிப்புத் தன்மையுடைய தெளிந்த நீர்மம். குருதியையோ உடம்பின் பிற நீரையோ தீண்டியவுடன், ஆங்குள்ள உப்பினாலும் புளிப்பு நீங்குதலாலும் கணப்பொழுதில் களியாகின்றது. இந்த ஒரு குணத்தினின்றே இதன் மருத்துவப் பயன் முழுதும் பிறந்தது எனலாம்.

2006-ஆம் ஆண்டில் இக்களியைப்பற்றி இரண்டு செய்திகள் வெளிவந்தன. ஒன்று, பார்வை நரம்புப் பாதை வெட்டப்பட்ட ஹாம்ஸ்டர் என்னும் எலியினத்தின் மூளையில் இதனைச் செலுத்தியபோது, வெட்டுண்ட இடத்தில் நரம்பிழைகள் மீள வளர்ந்து அவ்வுயிர்கள் ஓரளவு பார்வை பெற்றன என்பது. மற்றொன்று, எலியினங்களின் மூளை, ஈரல், தோல் முதலிய உறுப்புக்களில் உண்டான காயத்தின்மேல் இதனை ஊற்றினால் 15 நொடிக்குள் குருதி நிற்கின்றது என்பது. உலகம் எதனைக் கொண்டாடியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டுமோ? குருடு நீங்குதல் எங்கே, குருதி நிற்றல் எங்கே! ஆயினும் மனிதர் வழக்கிற்கு வந்து சேர்ந்தது இரண்டாவதே. பியூராஸ்டாட் என்னும் பெயரால் ஜப்பானியக் குழுமம் ஒன்று அமைத்த இக்களிமருந்துக்கு 2014-இல் ஐரோப்பாவிலும், 2021-இல் அமெரிக்காவிலும் இசைவு கிடைத்தது. வயிற்றினுள்ளும் குடலினுள்ளும் எண்டாஸ்கோப் என்னும் உள்நோக்குக் குழாயைச் செலுத்திக் கட்டிகளை அறுத்தெடுக்கும் மருத்துவர், அறுத்த இடத்திற் குருதி கசியும்போது, மெல்லிய குழாய் வழியே இதனை அதன்மேல் பரப்புகின்றனர். நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் நீரேயாதலின் இது கண்ணாடி போல் தெளிவாயிருக்கின்றது. கீழே குருதி நின்றதா இல்லையா என்பதை மருத்துவர் பார்த்துக்கொண்டே தம் தொழிலைத் தொடரலாம். தூளைத் தூவினால் இடம் மறையும். சூட்டினால் தீய்த்தால் குடற்சுவர் துளைபடவும் கூடும். மேலும் மாடு முதலியவற்றினின்று எடுத்த பொருள் எதுவும் இதிற் கலவாமையால், அவற்றின் நோய் மனிதரைப் பற்றும் என்ற அச்சமும் இல்லை. நாடியினின்று பீறிட்டுப் பாயும் குருதிக்கு இது போதாது. கசியும் குருதிக்கே உரியது. அதன் எல்லை அது.

ஈண்டு ஒரு கணக்குப் பார்த்தல் நலம். உப்பு நீரில் ஏடு தோன்றிய செய்தி வெளிவந்தது 1993-இல். மருத்துவர் கையில் மருந்தாக இசைவு பெற்றது 2014-இல். இடைப்பட்டவை 21 ஆண்டுகள். இத்தனைக்கும் இக்களிக்கு இடப்பட்ட வேலை, ஒரு சுவர் போலச் சிறிது நேரம் நிற்பது ஒன்றே. நரம்பிற்கு உயிரூட்டுவதன்று, தசையை அசைப்பதன்று. நிற்பதற்கே இத்துணை யாண்டு ஆயின், ஏனையவற்றிற்கு எத்துணை ஆகும் என்று மதிப்பிடுவது அரிதன்று.

மற்றொரு செயலையும் கூறுவேன். அக்ரோமெகலி என்பது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி தோன்றி, வளர்ச்சிச் சுரப்பு மிகுதலால், வளர்ந்த மனிதனுடைய கையும் காலும் தாடையும் மீண்டும் பருக்கும் நோய். இதற்கு உதவும் லான்ரியோடைடு என்பது 8 அமினோ அமிலங்களே உடைய பெப்டைடு. நீரில் செறிவாகக் கலந்தால் அது தானே கூடி, 24 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரே சீரான குழல்களாகின்றது. பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர் இவ்வமைப்பை 2003-இல் வெளியிட்டனர். தோலின் கீழ் ஆழமாக ஊசியிட்டால் அக்களி ஆங்கே தங்கி, சிறிது சிறிதாகக் கரைந்து, 28 நாள் வரையில் மருந்தாகின்றது. இதனை ஒத்த பழைய மருந்தை நாளொன்றுக்கு மும்முறை ஊசியாக ஏற்க வேண்டியிருந்தது. மருந்தைத் தேக்கி வைக்க வேறொரு கலம் வேண்டாது மருந்தே கலமும் ஆயிற்று என்பது எனக்கு இவையனைத்தினும் வியப்பாய்த் தோன்றுகின்றது. ஆனால் இதுபற்றி ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் யான் கண்டதில்லை. மாதமொரு முறை ஊசியிடுதல் தலைப்பாகாது போலும்!

பல்லைப்பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் அமைத்த 11 உறுப்புப் பெப்டைடு ஒன்று, எனாமலின் உள்ளே சொத்தை தொடங்கிய வெண்புள்ளியிற் புகுந்து வலையாகி, சுண்ணச் சத்தைத் தன்மேல் படியச் செய்கின்றது. 2013-இல் வெளிவந்த முதற் சோதனையில் அதனை ஏற்றோர் 15 பேர். எலியல்லர், மனிதர்!

இத்துணை கூறியபின், இக்கூடுதலுக்கு ஒரு கொடிய முகமும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. அல்சைமர் நோயில் மூளையிற் படியும் அமிலாய்டு இழைகளும் பெப்டைடுகள் தாமே கூடியனவே. அந்நோய்ப் பெப்டைடின் நடுவே அமைந்த இரண்டே உறுப்புக்களைத் தனியே எடுத்து, அவையும் குழலாகக் கூடும் என்று இஸ்ரேல் நாட்டினரான மெய்தால் ரெச்செஸ், எஹுத் காஸிட் என்னும் இருவர் 2003-இற் காட்டினர். அவ்வாறாயின் உடம்பு இதனைப் பகையென்றே கொள்ளுமோ எனின், அன்று. பிட்யூட்டரிச் சுரப்பி தன் சுரப்புப் பெப்டைடுகள் பலவற்றை அமிலாய்டு வடிவிலேயே நெருக்கிச் சேமித்து வைக்கின்றது என 2009-இல் அறியப்பட்டது. ஆகவே ஒரு பெப்டைடு நன்றோ தீதோ என்பதை அது கூடும் இயல்பு ஒன்றைக்கொண்டு துணிதல் இயலாது; எங்கே கூடுகின்றது, எப்பொழுது கரைகின்றது என்றும் பார்க்க வேண்டும். மனித உடம்பில் ஒவ்வொன்றையும் பல்லாண்டு சோதித்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டா.

நம் நாட்டுக்கும் இத்துறையில் ஒரு பங்கு உண்டு. தோலுக்கும் எலும்புக்கும் வலிமை தரும் கொல்லஜன் என்னும் புரதம் மூன்று புரிகளாகத் தாமே முறுக்கிக்கொண்ட கயிறு போன்றது என்று 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தினின்றும் எழுதியவர் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். பெப்டைடுத் தொடர் எந்தெந்தக் கோணங்களில் வளையக்கூடும் என்று 1963-இல் இராமச்சந்திரனும் அவர்தம் துணைவரும் வரைந்த படம், உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. முதன்முதல் அப்படத்தைக் கண்டபோது, சென்னையில் வரைந்தது என்றறிந்து சிறிது செருக்குற்றேன் என்பதை ஒப்புக்கொள்கின்றேன். அதில் என் முயற்சி ஒன்றுமில்லை என்பது வேறு.

நிற்க. என் மாமனின் பத்திரிகைத் துண்டுக்கு வருவேன். அது கூறுவது 2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துச் சாமுவேல் ஸ்டப் என்பாரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆராய்ச்சி. அவர்தம் பெப்டைடுகள் கொழுப்புவால் உடையன. நீரில் இழைகளாகக் கூடுவன. அவ்விழைகளின் புறத்தே இரண்டு சைகைகள் பொருத்தப்பட்டன. ஒன்று நரம்பிழைகளை மீள வளரத் தூண்டுவது. மற்றொன்று குருதிக் குழாய் முதலியன தழைக்கத் துணைசெய்வது. இழையினுள் மூலக்கூறுகள் மிகுதியாக அசைந்தாடும்படி அமைத்தபோது பயனும் மிக்கது என்பதே அவர்கள் கண்ட புதுமை. சைகை ஒன்றேயாயினும் அசைவு குறைந்த இழை அத்துணைப் பயன் தரவில்லை. தண்டுவடம் நசுங்கி முடங்கிய எலிகள், ஒருமுறை ஊசியிட்ட நான்கு வாரத்தில் நடந்தன. ஊசியிட்ட பொருளும் 12 வாரத்திற்குள் கரைந்து உயிரணுக்களுக்கு உணவாயிற்று. பெருஞ்செயலே. இதில் ஐயமில்லை. ஆராய்ந்தோரும் தம் கட்டுரையில் எலி என்றே தெளிவாக எழுதினர்.

ஆனால் அவ்வூசி இடப்பட்டது எப்பொழுது? காயமுற்ற ஒரு நாளில். 24 மணி நேரம்! என் மாமன் பனையினின்று வீழ்ந்தோ ஆண்டுகள் பல கழிந்தன. நாட்பட்ட காயத்திலே தழும்பு இறுகிக் குழிகளும் உண்டாகி, நரம்பிழை புகும் வழியை அடைத்திருக்கும். எலியின் தண்டுவடத்தில் இழை வளரவேண்டிய தொலைவு எத்துணை, மனிதனுடையதில் எத்துணை? இவற்றுள் ஒன்றும் அப்பத்திரிகைத் துண்டில் இல்லை. ‘ஒரு நாள்’ என்ற சொல் எங்கும் இல்லை. ‘எலி’ என்ற சொல் கடைசிக்கு முந்தின வரியில் ஒருமுறை வருகின்றது. மடிப்பு அவ்வரியின்மேல் விழுந்து எழுத்துத் தேய்ந்திருந்தது; மாமன் அதனைப் படித்ததாகவே தெரியவில்லை.

‘நோயாளியின் நம்பிக்கையைக் கெடுப்பது அறமோ?’ என்று அறைநண்பர் என்னை வினவினார். பத்திரிகைக்காரரும் இதனையே கூறுவர். மக்களுக்கு உற்சாகம் ஊட்டினால் ஆராய்ச்சிக்குப் பொருள் கிடைக்கும் என்றும் கூறுவர். இவ்விரண்டிலும் சிறிது உண்மை உண்டு. ஆயின் என் மாமனுக்கு அச்செய்தி ஊட்டியது என்ன? ‘வரும்’ என்று காத்திருந்த நாட்கள். அத்தை எனக்குத் தனியே சொன்னாள்: செய்தி வந்த ஆண்டு, இரண்டு காணி நிலத்தில் ஒன்றை விற்றேனும் ஊசிக்குச் செல்வதென்று அவர் தரகரையும் அழைத்துப் பேசினாராம். ஊசி எங்கே விற்கும் என்று ஒருவரும் சொல்ல இயலாமையால் நிலம் தப்பிற்று. நம்பிக்கைக்கு விலை உண்டு. அதனைக் கொடுப்பவர் எழுதியவரல்லர். ஆங்கிலம் அறிந்தவன் மூலக் கட்டுரையைத் தேடிப் பார்த்துத் தெளியலாம். தமிழ் ஒன்றே அறிந்தவர்க்கு அத்துண்டே மூலம். அதனால் தமிழில் எழுதுவோர்க்குப் பொறுப்பு இரட்டிப்பாகின்றது என்று நான் கொள்கின்றேன். ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்ட வேண்டின், குடலிற் குருதி நின்றதையும், மும்முறை ஊசி மாதமொருமுறை ஆனதையும் எடுத்துக் கூறுக. அவை மெய்; மனிதர்மேல் நிகழ்ந்தவை.

பூசை விடுமுறையில் ஊர் சென்று மாமனிடம் யாவற்றையும் சொன்னேன். சொல்லத் தொடங்குமுன் எனக்கு நாத் தடுமாறியது. அவர் இடைமறிக்காது கேட்டார். பின்னர், “எலி நடந்தது மெய்தானே?” என்றார். மெய்தான் என்றேன். “அப்படியானால் நேற்று விழுந்தவனுக்கு என்றைக்காவது ஆகும்” என்று சொல்லி, வேதபுத்தகத்தினின்றும் அத்துண்டை எடுத்து, அதன் ஓரத்தில் எலி என்றும் ஒரு நாள் என்றும் பெரிய எழுத்தில் எழுதித் தரும்படி கேட்டார். தெருவில் இன்னும் இருவர் அதனை இரவல் வாங்கிப் படிக்கின்றனராம். எழுதிக் கொடுத்தேன்.